இரவு பத்து மணிக்குமேல் கொஞ்சம் தளர்த்துங்கள்: தமிழ்ப் பண்பலை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பண்பலை வானொலிகளின் நிகழ்ச்சித் தலைவர்களுக்கும் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் தலைமாட்டில் இருக்கும் சிறிய வானொலிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் படுப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். கொஞ்ச காலமாகப் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. "போதும், அணைத்துவிடு, ஒரே இரைச்சல்" என்கிறார். நான் எழுந்துபோய்ப் பார்த்தால் ஒலித் திருகு ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிறது. அறை வாசலில் நின்றால் பாட்டு கேட்காது. பாட்டும் அவருக்குப் பிடித்த பழைய பாட்டுதான். காதில் கோளாறா என்றால் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று படுத்தபடியே எண்ணிச் சொல்கிறவர்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மதுரையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நெடுங்காலம் நடத்தி, இப்போது மூடிவிட்டு உட்கார்ந்திருப்பவன் நான். உங்கள் நிலையங்களில் ஒலித்த விளம்பரங்களில் சில என் கூடத்தில் பதிவானவை. எனவே நேயராக மட்டுமல்லாமல், குற்றத்தில் கொஞ்சம் பங்குள்ளவனாகவும் இதை எழுதுகிறேன். அந்தப் பங்கைப் பிறகு ஒப்புக்கொள்கிறேன்.

பொறியாளர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவில் பாடலோ பேச்சோ புறப்பட்டு டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் வழியில் ஒரு பெட்டி இருக்கிறது. நிலையங்களில் அதை ப்ராசஸர் என்று சொல்வார்கள். அதற்குள் கம்ப்ரசர், லிமிட்டர், கிளிப்பர் என்று வரிசையாக வேலைக்காரர்கள். கம்ப்ரசர் என்பவர் ஒலித் திருகில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர். பாடகர் உரக்கப் பாடினால் இறக்குவார், மெல்லப் பாடினால் ஏற்றுவார். நான்குக்கு ஒன்று என்று அமைத்தால், குறிப்பிட்ட அளவைத் தாண்டிப் பாடல் நான்கு டெசிபல் உயரும்போது ஒலிபரப்பில் ஒரு டெசிபல்தான் உயரும். லிமிட்டர் இன்னும் கறாரானவர். ஒரு கோட்டைக் காட்டி, இதற்கு மேல் யாரும் போகக்கூடாது என்பார். கிளிப்பர் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ள மாட்டார். தலை நீட்டினால் வெட்டு.

இவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பண்பலையில் ஒலிக்கேற்ப அலைவரிசை தன் இடத்திலிருந்து விலகும் அளவு, அதாவது விலக்கம், இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பக்கத்து நிலையத்தின் வீட்டுக்குள் காலை வைத்தது போல. அந்தக் கூரையைக் காக்க லிமிட்டர் வேண்டும். கம்ப்ரசரும் வேண்டும். பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகும் பஸ்ஸில், இன்ஜின் உறுமலுக்கும் நடத்துநர் விசிலுக்கும் நடுவில், குறுந்தகட்டில் இருப்பது போலவே பாட்டை ஒலிபரப்பினால் பல்லவியில் பாதிதான் காதில் விழும். டீக்கடையிலும் அப்படியே. மத்திய அலைக் காலத்தில் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாட்டின் மெல்லிய இடங்களெல்லாம் கரகரப்பில் மூழ்கிப்போகும். அங்கே அறிவிப்பாளரின் குரல் நெருக்கமாக, ஒரே மட்டத்தில் வந்ததே பெரிய உதவி. ஆகவே இந்தக் கருவிகள் பிறந்ததில் நியாயம் இருக்கிறது.

1960களில் அமெரிக்க நிலையங்களில் பரவிய சிபிஎஸ் ஆய்வகத்தின் ஆடிமேக்ஸ் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. பேசுகிறவர் நிறுத்தினால், அந்த மௌனத்தைப் பார்த்து "ஐயோ, சத்தம் குறைந்துவிட்டதே" என்று பதறி ஒலியை ஏற்றாமல், கை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அறை இரைச்சலைத் தூக்கிக் காட்டாது. பிறகு 1975இல் ராபர்ட் ஆர்பன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆப்டிமாட் என்ற ப்ராசஸரைக் கொண்டுவந்தார். அதுவரை லிமிட்டர் ஒரு பெட்டி, ஸ்டீரியோ உருவாக்கும் கருவி இன்னொரு பெட்டி. முதல் பெட்டி கட்டுப்படுத்தி அனுப்பியதை இரண்டாவது பெட்டியின் வடிகட்டி மறுபடி எகிற வைக்கும். அதற்குப் பயந்து மொத்த அளவையே குறைத்து வைக்க வேண்டியிருந்தது. ஆர்பன் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்து அந்த எகிறலைத் தடுத்தார். சுத்தமாகவும் உரக்கவும் ஒலிக்க முடிந்தது. "உரக்க" என்ற சொல்தான் வியாபாரத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த நிலையத்தைவிட ஒரு டெசிபல், அதைவிட இன்னொரு டெசிபல் என்று ஓட்டப்பந்தயம் தொடங்கியது.

கூரை எல்லோருக்கும் ஒன்றுதான். யாரும் 75ஐத் தாண்ட முடியாது. பிறகு எப்படி ஒருவர் இன்னொருவரைவிட உரக்க ஒலிப்பார்? உச்சியை உயர்த்த முடியாதபோது பள்ளத்தை நிரப்பலாம். மெல்லிய இடங்களையெல்லாம் உயர்த்தி உயர்த்தி, உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி இல்லாமல் செய்துவிட்டால் மொத்த ஒலியும் அடர்த்தியாகும். காது உச்சியைப் பார்த்து உரப்பை அளப்பதில்லை, அடர்த்தியைப் பார்த்தே அளக்கிறது. என் அம்மா திருகை அடிமட்டம் வரை இறக்கியும் "இரைச்சல்" என்பது இதனால்தான். ஒலியின் அளவு அவர் கையில் இருக்கிறது. அடர்த்தி உங்கள் பெட்டியில் இருக்கிறது.

சொன்னால் போதாது என்று ஒரு இரவு உட்கார்ந்து சோதித்தும் பார்த்தேன். எண்பதுகளில் வந்த ஒரு திரைப்பாடல், என்னிடம் குறுந்தகடாக இருக்கிறது. தொகையறாவில் தொடங்கும் பாட்டு: முதல் நான்கு வரிகளுக்குத் தாளம் கிடையாது, தம்புராவும் குரலும் மட்டும். பிறகு தபேலா நுழையும், அதன்பின் வயலின்கள். அதே பாடல் ஒரு நிலையத்தில் இரவு பதினொன்றரைக்கு வந்தது. வானொலியிலிருந்து கணினியில் பதிவுசெய்து இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். குறுந்தகட்டில் தொகையறாவுக்கும் வயலின்கள் எழும் இடத்துக்கும் பதினான்கு டெசிபல் வித்தியாசம். வானொலியில் இரண்டு. படமாகப் பார்த்தால் மேலே இருப்பது அழகர்கோவில் மலை, கீழே இருப்பது காளவாசலில் அடுக்கிய செங்கல்.

படத்தை விடுங்கள். கேட்டபோது நடந்ததுதான் வேடிக்கை. பாடகர் முதல் வரியை முடித்து மூச்சு விடுகிறார். அந்த அரை நொடியில் உங்கள் கம்ப்ரசர் பதறுகிறது. தம்புரா தரையிலிருந்து எழும்பி முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. பாடகர் அடுத்த வரியைத் தொடங்கியதும் சட்டென்று கீழே விழுகிறது. மறுபடி மூச்சு, மறுபடி தம்புரா. நான்கு வரிகளுக்குள் நான்கு முறை அலை அடிக்கிறது. மூச்சு வாங்கும் ஓசையே ஒரு சொல்லைப் போலப் பெரிதாகக் கேட்கிறது. அடுத்து தபேலா நுழைகிற இடம். இசையமைப்பாளர் அவ்வளவு நேரம் தாளத்தை மறைத்து வைத்திருந்தது அந்த ஒரு கணத்துக்காக. வானொலியில் தபேலாவின் முதல் அடி விழுந்ததும் பாடகர் இரண்டடி பின்னால் போய்விட்டார். மொத்தமும் அதே மட்டம். எதுவும் நுழையவில்லை, எதுவும் விரியவில்லை. ஏற்கெனவே நிரம்பிய பஸ்ஸில் இன்னொருவர் ஏறினார், அவ்வளவுதான்.

ஆடிமேக்ஸ் காலத்திலேயே மௌனத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்த கருவிக்கு, இன்று ஏன் தெரியவில்லை? தெரியும். இன்றைய ப்ராசஸர்களிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. கேட் என்று பெயர். ஒலி ஒரு கோட்டுக்குக் கீழே போனால் கை நின்றுவிடும். ஆனால் அறை இரைச்சலின் அளவுக்குப் பொருந்துமாறு அந்தக் கோடு மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது. தம்புரா அந்தக் கோட்டுக்கு மேலே ஒலிப்பதால், அதையும் "நிகழ்ச்சி" என்று எண்ணி கருவி தூக்கிவிடுகிறது. இடைவிடாமல் ஒலிக்கும் சுருதியை வைத்துப் பாடுவது நம் வழக்கம். அதற்கேற்றபடி கோட்டை உயர்த்தி வைத்தாலே பாதி அலை அடங்கும்.

இன்னொரு இடம், ஜால்ரா. பண்பலையில் இரைச்சலைக் குறைப்பதற்காக உயர் சுருதிகளை அனுப்பும்போதே ஏற்றி அனுப்பி, வானொலிப் பெட்டியில் அதே அளவு இறக்குவது வழக்கம். இந்தியாவில் 50 மைக்ரோ விநாடிக் கணக்கு. அதாவது ஏறத்தாழ 3,200 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றம் தொடங்கி, 15 கிலோஹெர்ட்ஸில் பதின்மூன்று பதினான்கு டெசிபல் வரை போகும். ஆகவே கூரையில் முதலில் தலை இடிப்பது உயர் சுருதிகள்தான். ஜால்ரா, சலங்கை, "ஸ" என்று முடியும் சொற்கள், மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் நுனிவிரல் மீட்டு. மொத்தத்தையும் உரக்க வைக்க நீங்கள் அழுத்த அழுத்த, இவற்றின் தலை கிளிப்பரிடம் போகிறது. அசல் பதிவில் "ஜிங்" என்று மணி போல நீளும் ஜால்ரா, வானொலியில் பொரியைக் கையில் நொறுக்கியது போலக் கேட்கிறது. காலை பக்திப் பாடல்களில் இதைக் கேட்டுக் கேட்டு, ஜால்ராவின் ஓசையே அப்படித்தான் என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொண்டிருக்கிறதோ என்னவோ.

இப்போது என் பங்கு.

இரண்டாம் கட்டத் தனியார் பண்பலைக் கொள்கைக்குப் பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் நிலையங்கள் வரத் தொடங்கியபோது எனக்கு நல்ல வேலை இருந்தது. ஒரு ஜவுளிக்கடைக்காரர் தீபாவளி விளம்பரத்துக்காக வந்தார். பதிவுசெய்து கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தார். "எதிர்க்கடை விளம்பரம் காதைக் கிழிக்கிறது, நம்முடையது எங்கேயோ கிணற்றுக்குள் இருப்பது போல இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்." ஏற்றினேன். மறுபடி வந்தார். மறுபடி ஏற்றினேன். மூன்றாவது முறை எனக்கும் வெறி பிடித்துவிட்டது. குரலைத் தனியாக நசுக்கி, நாதஸ்வரத் துண்டைத் தனியாக நசுக்கி, இரண்டையும் சேர்த்து மறுபடி நசுக்கி, அலை வடிவம் கட்டைப் பலகை போல ஆகும் வரை விடவில்லை. என் அறையில் கேட்டபோது ஜன்னல் அதிர்ந்தது. கடைக்காரர் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

வானொலியில் வந்தபோது முன்னைவிடச் சின்னதாகக் கேட்டது. சேறு பூசியது போல, நாதஸ்வரம் எது குரல் எது என்று பிரிக்க முடியாமல். எனக்கு அப்போது புரியவில்லை. நான் பலகையாகக் கொடுத்ததை உங்கள் ப்ராசஸர் "அடேயப்பா, ஓயாமல் கத்துகிறதே" என்று மொத்தமாகக் கீழே இறக்கியிருக்கிறது. நான் ஏற்கெனவே வெட்டியதால் உண்டான கரகரப்பை அதன் பங்குக்குப் பெரிதாக்கியும் இருக்கிறது. எதிர்க்கடை விளம்பரம் ஓங்கி நின்றதற்குக் காரணம், அதைப் பதிவுசெய்தவர் குரலுக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருந்தார். இதையேதான் 2001இல் ராபர்ட் ஆர்பனும் ஆம்னியா ப்ராசஸரை உருவாக்கிய ஃபிராங்க் ஃபோட்டியும் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள்: அளவுக்கு மீறி நசுக்கிய பதிவு வானொலியில் உரக்க ஒலிக்காது, சிதைந்துதான் ஒலிக்கும் என்று. நிலையங்களுக்கு அந்தப் பெட்டியை விற்பவர்களே சொன்னது அது. நான் படித்தது தாமதமாக. ஜவுளிக்கடைக்காரர் அடுத்த தீபாவளிக்கு வேறு கூடத்துக்குப் போய்விட்டார்.

இன்று உங்களுக்கு வரும் புதிய பாடல்களெல்லாம் ஏறக்குறைய என் ஜவுளிக்கடை விளம்பரத்தின் கதியில்தான் வருகின்றன. பாடலைப் பதிவுசெய்த கூடத்தில் ஒரு முறை, மாஸ்டரிங் என்ற இறுதி மெருகில் ஒரு முறை அழுத்தியாயிற்று. பிறகு யாரோ எம்பி3 ஆக்கி அனுப்பியதில் வேறு வகைச் சுருக்கம். அதன்மேல் உங்கள் ப்ராசஸர். அறிவிப்பாளரின் குரலும் மைக்குக்கென்று தனிக் கம்ப்ரசர் வழியாக வந்து, மறுபடி ஒரு முறை அழுத்தப்படுகிறது. அவரும் கத்தித்தான் பேசுகிறார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலையத்தின் கருவி அறைக்குள் போகும் வாய்ப்பு கிடைத்தது. எந்த ஊர், எந்த நிலையம் என்பது வேண்டாம். குளிர்சாதனம் சீறிக்கொண்டிருந்தது. ரேக்கின் மேல்தட்டில் ப்ராசஸர். அதன் சின்னத் திரையில் ப்ரீசெட்டின், அதாவது முன்கூட்டியே சேமித்து வைத்த அமைப்பின், பெயர் மின்னியது: உரப்பு, சூடு என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். யார் இதைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டேன். நிலையம் தொடங்கிய வாரம் கருவியை நிறுவ வந்தவர் வைத்துவிட்டுப் போனது என்றார் அங்கிருந்த இளைஞர். பிறகு யாரும் மாற்றவில்லையா? "மாற்ற பாஸ்வேர்டு வேண்டும் சார். அது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை." அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிரான்ஸ்மிட்டர், ஜெனரேட்டர், ஏசி, கணினி, வாசல் கேமரா எல்லாம் அவர் ஒருவர் தலையில். பாட்டு எப்படிக் கேட்கிறது என்று கேட்டுப் பார்ப்பது மட்டும் யார் வேலையும் இல்லை.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் இதற்கு ஒரு வரம்பே இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.412 என்ற பரிந்துரையின்படி, எந்த 60 விநாடியை எடுத்துப் பார்த்தாலும் ஒலிபரப்பின் சராசரி ஆற்றல், 19 கிலோஹெர்ட்ஸ் விலக்கம் தரும் ஒற்றைச் சுருதியின் ஆற்றலைத் தாண்டக்கூடாது. பக்கத்து நிலையங்களுக்குத் தொந்தரவு கூடாது என்பதற்காக வைத்தது. உரப்புப் பந்தயத்துக்கும் அது கடிவாளமாகிவிட்டது. இங்கே சட்டம் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சட்டம் வருவதற்குள் என் அம்மாவுக்கு நூறு வயதாகிவிடும்.

நான் கேட்பது சின்ன விஷயம். இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை வேறு ஒரு ப்ரீசெட்.

உங்கள் பெட்டியில் கடிகாரம் இருக்கிறது. இன்ன நேரத்துக்கு இன்ன ப்ரீசெட் என்று எழுதி வைத்தால் அதுவே மாறிக்கொள்ளும். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பல பட்டைகளாகப் பிரித்து அழுத்தும் கம்ப்ரசருக்குள் போகும் அளவை மூன்று நான்கு டெசிபல் குறையுங்கள். ஏற்றி இறக்கும் கை நிதானமாக ஏறட்டும், அரை நொடி மூச்சுக்கெல்லாம் பதற வேண்டாம். கேட் கோட்டைத் தம்புராவுக்கு மேலே தூக்கி வையுங்கள். கிளிப்பரை இரண்டு டெசிபல் தளர்த்துங்கள். இவ்வளவுதான். லிமிட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கூரைக்கு ஆபத்து வராது.

பகலைப் பற்றி நான் பேசவே இல்லை, கவனியுங்கள். பகலில் பஸ், ஆட்டோ, பட்டறை, சமையலறை மிக்ஸி. உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்குமேல் யார் கேட்கிறார்கள்? தலைமாட்டில் பெட்டி வைத்திருக்கும் முதியவர்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் துணையாக இருப்பவர்கள், காவலாளிகள், நான்குவழிச் சாலையில் லாரி ஓட்டுகிறவர்கள், படிக்கிற பிள்ளைகள். லாரியைத் தவிர எல்லாமே அமைதியான இடம். நீங்கள் அந்நேரத்துக்கென்று தேர்ந்தெடுத்துப் போடுவதும் மெல்லிய பழைய பாடல்களைத்தான். அறிவிப்பாளர்கூடக் குரலைத் தாழ்த்தி, காதோடு பேசுவது போலப் பேசப் பழகியிருக்கிறார். நேயர் தாழ்ந்தாயிற்று, பாட்டு தாழ்ந்தாயிற்று, அறிவிப்பாளர் தாழ்ந்தாயிற்று. ரேக்கின் மேல்தட்டில் இருக்கும் பெட்டி மட்டும் இன்னும் காலை எட்டு மணி பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறது.

"சிக்னல் குறைந்தது போலத் தெரியுமே" என்று நிர்வாகம் பயப்படும். டிரான்ஸ்மிட்டரின் சக்தி ஒரு வாட்டும் குறையப்போவதில்லை; எட்டும் தூரம் அதேதான். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒலிபரப்பு எல்லையின் விளிம்பில், சிக்னல் ஏற்கெனவே மெலிந்த ஊர்களில், பாட்டின் மெல்லிய இடங்களில் லேசான சீறல் தெரியும். அதனால்தான் மூன்று நான்கு டெசிபல் என்று கேட்கிறேன், பத்து என்று கேட்கவில்லை. அலைவரிசையைத் திருப்பிக்கொண்டே போகிறவர் உரத்த நிலையத்தில் நிற்பார் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் படுத்தபடி யார் திருப்பிக்கொண்டே போகிறார்கள்? போட்ட நிலையத்தில் விடுவார்கள். பிடிக்காவிட்டால் அணைத்துவிடுவார்கள்.

நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில்தான் தொடங்கியது. மத்திய அலையில் கேட்டுப் பழகிய காதுக்கு அது முதலில் தந்தது அமைதிதான் என்று என் மூத்த ஒலிப்பதிவாளர் ஒருவர் சொல்வார். பாட்டுக்குப் பின்னால் எதுவுமே கேட்கவில்லையே, நிலையம் நின்றுவிட்டதா என்று பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தாராம்.

ஒரு யோசனை சொல்கிறேன். பாஸ்வேர்டைத் தேடிப் பிடித்ததும் முதலில் இதை யாருக்கும் அறிவிக்காதீர்கள். கூட்டம் போட வேண்டாம், விளம்பரப் பிரிவைக் கேட்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு இரவு ப்ரீசெட்டை மாற்றி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அந்த வாரத்தில் ஒருவராவது, உங்கள் முதலாளியோ விளம்பரதாரரோ, "என்ன, இரவில் சத்தம் குறைந்துவிட்டதே" என்று தொலைபேசியில் கேட்டால் எட்டாம் நாள் பழையபடி மாற்றிவிடுங்கள். நான் மறுபடி எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு நேயர்